‘வெளங்கல’ என்பதற்கு இங்கிலீஷில் ஒரு சொல் போதாது

வண்ணார்ப்பேட்டையில் நான் மருந்து வாங்கும் கடை அண்ணாச்சி, டாக்டர் சீட்டை ஒரு தடவை நேராகப் பார்ப்பார், ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “என்னமோ எழுதிருக்காவ, வெளங்கலயே” என்பார். பேங்கிலிருந்து வந்த கடிதத்தைப் படித்தாலும் அவருக்கு வெளங்கல. பாபநாசம் மலைமேல் வேலை பார்க்கும் மச்சான் போனில் பேசி, குரல் விட்டு விட்டு வந்தாலும் வெளங்கல. ராத்திரி ‘ஊத்திக்கொண்டு’ வந்து கடை வாசலில் நின்று பேசும் ஆளின் பேச்சும் வெளங்கல.

நாலு இடத்துக்கும் ஒரே சொல். நமக்கு அதில் ஒரு குறையும் இல்லை. முகத்தையும் குரலையும் வைத்து மிச்சத்தைப் புரிந்துகொள்வோம். இங்கிலீஷ் அப்படி விடாது. இந்த நாலுக்கும் அங்கே நாலு சொல். பாளையங்கோட்டையில் சாயங்கால வகுப்பு எடுக்கும் எனக்கு, வெளிநாடு போகக் காத்திருக்கும் நர்ஸ் பிள்ளைகள், பார்மசி படிக்கிறவர்கள், கோர்ட்டில் ஜூனியராக ஓடுகிறவர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். அத்தனை பேரும் இந்த நாலுக்கும் ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டேண்ட்’ என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள்.

அது தப்பு இல்லை. ஆனால் அதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டேண்ட்’ என்றதும் பழி உங்கள் தலையில் ஏறுகிறது. எழுதியவரோ பேசியவரோ தப்பித்துக்கொள்கிறார். நம் ‘வெளங்கல’ அப்படி இல்லை. விளக்கு, விளங்கு எல்லாம் வெளிச்சத்தோடு சேர்ந்த சொற்கள். ‘எழுத்து வெளங்கல’ என்றால் எழுத்துதான் வெளிச்சம் தரவில்லை. என் மூளைக்கு ஒன்றும் இல்லை. நாம் இங்கே பார்க்கப் போகிற இங்கிலீஷ் சொற்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. சொல்லைத் தேடும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சொன்னவரிடமிருந்து என்னிடம் வருகிற வழியில் இது எந்த இடத்தில் அறுந்தது?

கண்ணில் அறுந்தால் ‘இல்லெஜிபிள்’. இது எந்த எழுத்து என்றே பிடிபடாத கோழிக் கிறுக்கல். லத்தீனில் ‘லெகெரெ’ என்றால் வாசிப்பது. அதிலிருந்து ‘லெஜிபிள்’, வாசிக்கக்கூடியது. முன்னால் ‘இல்லை’ என்று சொல்ல ‘இன்’ சேர்கிறது. ஆனால் ‘இன்லெஜிபிள்’ என்று நாக்கு போகாது. ல பக்கத்தில் இருப்பதால் அந்த ன் தானும் ல் ஆகிவிடுகிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் ஆகிறதல்லவா, அதே கதை. ‘இம்பாசிபிள்’, ‘இர்ரெகுலர்’ எல்லாம் இதே புணர்ச்சிதான். தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இதைப் பாடமாக நடத்தவே வேண்டாம்.

இதன் பக்கத்துவீட்டுக்காரன் ‘எலிஜிபிள்’, அதாவது தகுதி உள்ளவர். வகுப்புக்கு வந்த ஒரு பையன் வேலை விண்ணப்பத்தில், ‘ஐ ஆம் இல்லெஜிபிள் ஃபார் திஸ் போஸ்ட்’ என்று எழுதிவிட்டான். அவன் கையெழுத்தைப் பார்த்தபோது அதுவும் உண்மை என்றே பட்டது.

‘அன்ரீடபிள்’ என்று இன்னொன்று. கிறுக்கலுக்கும் சொல்லலாம், ஆனால் அழகாக அச்சடித்த புத்தகம் இரண்டு பக்கத்துக்கு மேல் தாண்ட முடியாமல் இழுவையாக இருந்தாலும் ‘அன்ரீடபிள்’தான். எழுத்தின் குறை ஒன்று, எழுதினவரின் குறை இன்னொன்று.

டாக்டர் சீட்டுக்கே திரும்புவோம். மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதியையே திருத்தியது. அந்த விதியில் வருகிற சொல் ‘லெஜிப்லி’. சரி, டாக்டர் முத்து முத்தாக எழுதிவிட்டார் என்று வையுங்கள். மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் ‘பி.டி.’ என்றும் ‘டி.டி.எஸ்.’ என்றும் இருக்கிறது. எழுத்து பளிச்சென்று தெரிகிறது, பொருள்? முதலாவது லத்தீனில் நாளைக்கு இரண்டு வேளை, இரண்டாவது மூன்று வேளை. ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று இருந்தால் கப்பல் மூழ்குகிறது என்று பதற வேண்டாம், ‘தேவைப்பட்டால்’ என்று அர்த்தம். எழுத்து தெரிந்தும் பொருள் தெரியாத இந்த நிலைக்கு ‘அன்இன்டெலிஜிபிள்’ என்று பெயர். ‘இல்லெஜிபிள்’ கண்ணோடு நின்றுவிடும். ‘அன்இன்டெலிஜிபிள்’ கண்ணையும் காதையும் தாண்டிப் புத்தியின் வாசலில் நிற்கும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட நம் மாவட்டத்திலேயே ஒரு பாறை இருக்கிறது. சீவலப்பேரி பக்கம் மறுகால்தலையில், பழைய குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு வரி வெட்டியிருக்கிறார்கள். பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் 1837இலேயே படித்துவிட்டார். ஆகவே தென்தமிழ்நாட்டுக் குகைகளில் இப்படிப்பட்ட வரிகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தபோது, இது க, இது ந என்று அறிஞர்களால் எழுத்தைக் கூட்ட முடிந்தது. கூட்டினால் பொருள் வரவில்லை. பாலியாக இருக்குமோ, பிராகிருதமாக இருக்குமோ என்று முட்டிக்கொண்டிருந்தார்கள். 1924இல் கே. வி. சுப்பிரமணிய அய்யர்தான் இதன் மொழி தமிழ் என்று எடுத்துக்காட்டினார். அதுவரை அந்தக் கல்வெட்டுகள் ‘லெஜிபிள்’, ஆனால் ‘அன்இன்டெலிஜிபிள்’. வகுப்பில் இந்தக் கதையைச் சொன்ன பிறகு யாரும் அந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை.

கல்வெட்டுக்கு வந்தபடியால் இன்னொரு ஜோடி. சிந்து வெளி முத்திரை எழுத்துகளை இதுவரை எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி யாரும் படிக்கவில்லை. அது ‘அன்டிசைஃபர்டு’, இன்னும் படிக்கப்படாதது. ‘இன்டிசைஃபரபிள்’ என்று எழுதினால் படிக்கவே முடியாதது என்று தீர்ப்பு எழுதினதாகிவிடும். பத்திரிகைகளிலேயே இந்தத் தப்பைப் பார்க்கிறேன்.

காதுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரதவீதியில் பக்கத்தில் நிற்கிற ஆள் காதோடு கத்தினாலும் கேட்காது, அது ‘இன்ஆடிபிள்’. ஜங்ஷன் ஸ்டேஷனில் ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும், ஆனால் எந்த வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று எதிரொலியில் கரைந்துபோகும், அது ‘அன்இன்டெலிஜிபிள்’. கேட்காதது ஒன்று, கேட்டும் பிடிபடாதது மற்றொன்று.

நாக்கில் அறுவதற்குத்தான் அங்கே சொற்கள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. வாய்க்குள்ளேயே மென்று முழுங்கினால் ‘மம்பிள்’. வேண்டா வெறுப்பாக முணங்கினால் ‘மட்டர்’. அதில் கொஞ்சம் கோபமும் இருக்கும். மூச்சு விடாமல் கடகடவென்று கொட்டினால் ‘கேபிள்’. டவுண், ஜங்ஷன், வண்ணார்ப்பேட்டை, பாளை என்று நம் மினிபஸ் கண்டக்டர் ஒரே சொல்லாக விடுவது அந்த ரகம். டிவி ஒயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; இது தொண்டை அதிர்ந்து வரும் ‘க’, ‘தங்கம்’ என்பதில் வருகிற மாதிரி. நாக்குக் குழறினால் ‘ஸ்லர்’. திக்குவாயை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். திக்கிப் பேசுகிறவர் பேச்சு நன்றாகவே விளங்கும். அவசரப்படுகிற நமக்குத்தான் பொறுமை இல்லை.

‘ஸ்லர்’ கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். கடை வாசலில் நிற்கும் குடிகாரருக்கும் அதுதான், திடீரென்று வாய் கோணி, ஒரு கை துவண்டு வருகிற நோயாளிக்கும் அதுதான். பக்கவாதத்தின் முதல் அடையாளங்களில் ஒன்று ‘ஸ்லர்டு ஸ்பீச்’. நர்ஸ் பிள்ளைகளிடம் நான் அடித்துச் சொல்வது இதைத்தான்: நோயாளியின் குறிப்பேட்டில் ‘பேஷண்ட் நாட் டாக்கிங் கிளியர்லி’ என்று எழுதினால் அடுத்த ஷிப்டில் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. சொல் சரியாக இருந்து ஓசை மட்டும் குழைந்தால் ‘ஸ்லர்டு’. ஓசை சுத்தமாக இருந்து சொல்லும் சொல்லும் ஒட்டாமல் போனால் ‘இன்கோஹிரன்ட்’.

“ஆத்துல தண்ணி வந்துட்டு, சாவி எங்க வச்ச, அவ கல்யாணத்துக்கு நீ வரல” என்று காய்ச்சல் வேகத்தில் ஒரு ஆச்சி பேசினால், ஒவ்வொரு துண்டும் விளங்குகிறது. கோத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. ‘கோஹிரன்ட்’ என்பதன் லத்தீன் வேர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. நாம் ‘கோவையாகப் பேசு’ என்கிறோம். பூவைக் கோக்கிற கோவை. அவர்கள் ஒட்டுகிறார்கள், நாம் கோக்கிறோம். ‘இன்கோஹிரன்ட்’ என்றால் நார் அறுந்த மாலை என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

ஆஸ்பத்திரியில் இந்த வித்தியாசத்துக்கு மதிப்பெண்ணே உண்டு. 1974இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர், தலையில் அடிபட்டவரின் நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு முறை கொண்டுவந்தார்கள். அதில் பேச்சுக்கு மட்டும் 5 மதிப்பெண். ஊர், பேர், நாள் எல்லாம் சரியாகச் சொன்னால் 5. பேச்சு தொடர்ந்து வந்தாலும் குழம்பியிருந்தால் 4. சம்பந்தமில்லாத சொற்கள் மட்டும் வந்தால் 3. சொல்லே இல்லாமல் வெறும் முனகல் என்றால் 2; அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘இன்காம்ப்ரிஹென்சிபிள் சவுண்ட்ஸ்’. சத்தமே இல்லையென்றால் 1. ‘வெளங்கல’வை ஐந்து படியாக அறுத்து வைத்திருக்கிறார்கள். உயிர் அதில் தொங்குகிறது என்பதால் அந்தப் படிகளை யாரும் வார்த்தை விளையாட்டு என்று சொல்லமாட்டார்கள்.

மலைமேல் இருக்கும் மச்சான் போனுக்கு வருவோம். அவர் சரியாகத்தான் பேசினார்; வழியில் டவர் கடித்துத் தின்றுவிட்டது. புறப்பட்டபோது ஒழுங்காக இருந்து, வந்து சேரும்போது சிதைந்திருந்தால் ‘கார்பிள்டு’. இந்தச் சொல்லின் பூர்வீகம் எனக்கு மிகவும் பிடிக்கும். அரபியில் ‘கர்பலா’ என்றால் சலிப்பது, சல்லடையில் போட்டு அரிப்பது. மசாலாச் சரக்கு வியாபாரத்தோடு அது மத்தியதரைக் கடல் தாண்டி இங்கிலீஷுக்குப் போனது. லண்டனில் மசாலாச் சரக்கைச் சலித்துக் கழிவு நீக்கவே ஒரு அதிகாரி இருந்தார். சலித்து எடுப்பது, தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பதாகி, பிறகு அடுத்தவர் பேச்சைப் பொறுக்கித் திரிப்பதாகி, கடைசியில் சிதைந்த செய்தி ஆகிவிட்டது. சுத்தம் செய்யப் பிறந்த சொல் குப்பைக்குப் பேராகி நிற்கிறது.

இதை நான் சொன்னபோது பார்மசி படிக்கிற ஒரு பிள்ளை, “சார், எங்க புக்ல கார்பிளிங்னா இன்னைக்கும் சலிக்கிறதுதான்” என்றாள். மூலிகையைக் காயவைத்த பிறகு மண்ணும் காம்பும் கல்லும் நீக்குகிற வேலைக்கு அந்தத் துறையில் இன்றும் அதே பெயர். நம் பக்கத்தில் விளையும் நிலாவரை இலையும் அப்படிச் சலித்துத்தான் மூட்டை ஏறுகிறது. உலகச் சந்தையில் அதன் பெயர் ‘டின்னவெல்லி சென்னா’. திருநெல்வேலி என்பது வெள்ளைக்காரன் வாயில் டின்னவெல்லி ஆனதற்கும் பொருத்தமான சொல் ‘கார்பிள்டு’தான். ஆக, அந்த இலை இரண்டு அர்த்தத்திலும் ‘கார்பிள்’ ஆகிக் கப்பல் ஏறுகிறது.

இனி பேங்க் கடிதம். எழுத்து அச்சு, மொழி தெரிந்த மொழி, வாக்கியமும் கோவையாக இருக்கிறது, ஆனாலும் விளங்கவில்லை. இங்கே அறுந்தது சொல்லில். ஒரு தொழில்காரர்கள் தங்களுக்குள் பேசும் பாஷை ‘ஜார்கன்’. பழைய பிரெஞ்சில் அது பறவைகளின் கீச்சொலி. வக்கீல் பாஷை என்றால் ‘லீகலீஸ்’.

நம்மிடம் இதற்குப் பஞ்சமே இல்லை. வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ‘மேற்படி’, அதன் சுருக்கமாக ஒரு சுழித்த எழுத்து, ‘செக்குபந்தி’, ‘சர்வ சுதந்திர பாத்தியம்’, ‘வில்லங்கம்’. வருவாய்த் துறைக் காகிதம் என்றால் ‘பசலி’, ‘அடங்கல்’, ‘ஜமாபந்தி’. பசலி என்பது ஜூலையில் பிறக்கும் ஓர் ஆண்டுக் கணக்கு. 1434ஆம் பசலி என்றால் 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூன் வரை. பிள்ளைகளுக்கு அது ஏதோ சோழர் காலத்து வருஷம் என்று தோன்றும். பாரசீகம், சமஸ்கிருதம், தமிழ் எல்லாம் கலந்த அந்தப் பாஷை பத்திர எழுத்தருக்கு விளக்கு, நமக்கு இருட்டு. அதனால் ‘ஜார்கன்’ என்பதை வசவாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செக்குபந்தி என்ற ஒரே சொல் நிலத்தின் நாலு எல்லையையும் சொல்லிவிடுகிறது. தெரிந்தவர்களுக்குள் அது வேகமான சொல். தெரியாதவரிடம் அதை வீசும்போதுதான் குற்றம்.

ஆனால் ‘காபில்டிகூக்’ வசவேதான். 1944இல் அமெரிக்காவில் மோரி மேவரிக் என்ற அரசியல்வாதி, போர்க்கால அரசு நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்தார். கீழே இருந்து வரும் குறிப்புகளின் பாஷையைப் படித்துப் படித்துச் சலித்துப்போய், சுருக்கமாக எழுதுங்கள், ‘இம்ப்ளிமென்டேஷன்’ போன்ற சொல்லை எழுதுகிறவன் சுடப்படுவான் என்று சுற்றறிக்கை விட்டார். அந்தப் பாஷைக்கு அவர் வைத்த பெயர்தான் ‘காபில்டிகூக்’. டெக்சஸில் வான்கோழிகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொக்கரிக்கிற சத்தத்தை நினைத்து வைத்ததாக அவரே விளக்கம் சொன்னார். நம் பழைய வெண்பாவில் வான்கோழி மயிலைப் பார்த்து ஆடும். அவர் ஊரில் அது ஆபீசில் உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்கிறது. கல்லாத கவிக்குச் சொன்ன உவமை, படித்த அதிகாரிக்கும் பொருந்திவிட்டது. இந்த நோய்க்கு எதிராகவே இங்கிலாந்தில் 1979இல் எளிய இங்கிலீஷ் இயக்கம் ஒன்று தொடங்கியது. அமெரிக்காவில் 2010இல் அரசு எளிமையாக எழுத வேண்டும் என்று சட்டமே போட்டார்கள்.

‘ஜிபரிஷ்’ என்பது மொத்தமாக உளறல், அர்த்தமில்லாத ஓசை. கம்ப்யூட்டரில் எழுத்துரு மாறிக் கட்டம் கட்டமாக வந்தாலும் அதையே சொல்வார்கள்.

‘மம்போ ஜம்போ’ என்று ஒன்றும் அகராதியில் இதே வரிசையில் இருக்கும். நான் அதை வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, உபயோகிக்காதீர்கள் என்றும் சொல்வேன். மேற்கு ஆப்பிரிக்காவில் மண்டிங்கா மக்களின் முகமூடி ஆட்டக்காரருக்கு உரிய பெயரைப் பதினெட்டாம் நூற்றாண்டு வெள்ளைக்காரப் பயணிகள் கேட்டு எழுதி, பிறகு அது ‘அர்த்தமில்லாத மந்திரம்’ என்று ஆகிப்போனது. நம் சுடலைமாடன் கொடையில் நடுச்சாமத்தில் சாமியாடி சொல்கிற குறியை வெளியூர்க்காரன் ஒருவன் கேட்டுவிட்டு இந்தச் சொல்லை எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தக் குறிக்கு நியாயமான சொல் ‘கிரிப்டிக்’. பொருளை மூடிச் சொல்வது, விடுகதை போல. மூடினது வேண்டுமென்றே.

மொழியே தெரியாவிட்டால் இங்கிலீஷ்காரர் ‘இட்ஸ் கிரீக் டு மீ’ என்பார். ஷேக்ஸ்பியர் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் காஸ்கா வாயில் இதை வைத்தபோது, அங்கே பேசப்பட்டது நிஜமாகவே கிரேக்கம்தான். ‘டபுள் டச்’ என்றும் உண்டு; டச்சுக்காரரோடு பதினேழாம் நூற்றாண்டில் மூன்று யுத்தம் செய்த ஊர் அல்லவா, வசவுக்கும் அவர்களே கிடைத்தார்கள்.

‘வேக்’, ‘அம்பிகுவஸ்’ இரண்டும் பாதி விளங்குகிற ரகம். மொட்டைத் தாதன் குட்டையில் விழுந்தான் என்பார்களே, எந்தத் தாதன், எந்தக் குட்டை? அது ‘வேக்’, மொட்டையான பேச்சு. ‘செம்பொன்பதின்தொடி’ என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். செம்பொன் பத்துத் தொடி என்று பிரித்தால் தங்கம். செம்பு ஒன்பது தொடி என்று பிரித்தால் செம்புப் பாத்திரக் கடைச் சரக்கு. இரண்டு அர்த்தமும் தெளிவு, எது என்றுதான் தெரியவில்லை, அது ‘அம்பிகுவஸ்’.

இவ்வளவும் எழுதுவதற்கு. நேரில் ஒருவர் முகத்தைப் பார்த்து ‘யுவர் ஸ்பீச் இஸ் அன்இன்டெலிஜிபிள்’ என்று சொன்னால் சண்டைக்கு வருவார். காதில் சரியாக விழாவிட்டால் ‘சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்’. சொல்லுகிற காரணம் பிடிபடாவிட்டால் ‘ஐ டோன்ட் ஃபாலோ யூ’. போனில் ‘வாய்ஸ் இஸ் நாட் கமிங்’ என்று நாம் தமிழை அப்படியே பெயர்த்துச் சொல்கிறோம். வெளிநாட்டில் ‘யூ ஆர் பிரேக்கிங் அப்’ என்றால்தான் சட்டென்று பிடிபடும். கையெழுத்துக்கு ‘ஐ கான்ட் மேக் அவுட் திஸ் வேர்ட்’ என்று விரலை வைத்துக் காட்டுங்கள். எந்தச் சொல் என்று காட்டுவதே பாதி மரியாதை.

போன வாரம் பேரனுக்கு மருந்து வாங்கப் போனேன். அண்ணாச்சி வழக்கம்போலச் சீட்டைச் சாய்த்துப் பார்த்து “வெளங்கலயே” என்றார். நான் சும்மா இருக்க மாட்டாமல், “அதுக்கு இங்கிலீஷ்ல இல்லெஜிபிள்னு பேரு அண்ணாச்சி” என்றேன்.

“உமக்குத்தான்வே அது. எழுத்து எனக்குத் தெரியுது. இத்துனூண்டு பிள்ளைக்கு இவ்வளவு டோசு ஏன் எழுதிருக்காவன்னுதான் வெளங்கல” என்று சொல்லிவிட்டு, கிளினிக்குக்குப் போன் போட்டார்.